கோல்ட் ரூமில் இத்தாலி

தாமரைக்குக் கிள்ளானில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஜாலான் தெங்கு கிளானாவில், பூக்கடைகளையும் சேலைக்கடைகளையும் தாண்டி, ஒரு நகைக்கடையின் மாடியில். கண் பார்ப்பது, பிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது எல்லாம் அவளே. கணவர் கமலநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள் கல்யாணமாகிப் பினாங்கில் இருக்கிறாள். ஐம்பது வயதைத் தாண்டிய தாமரையைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஹாலில் சாமி படத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாட்டியிருக்கும். மழை நின்ற ஒரு கல் தெரு. நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நடிகை செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு போவார்கள். "யாருங்க இது?" என்று கேட்டால், "இத்தாலி சினிமா. ஷூட்டிங்ல எடுத்தது" என்பாள் தாமரை. கேட்டவர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது.

காலேஜில் படித்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. கோலாலம்பூரில் ஒரு நாள் கொட்டுகிற மழைக்குப் பயந்து ஒரு மண்டபத்துக்குள் ஒதுங்கினாள். உள்ளே இலவசமாக ஐரோப்பியப் படங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஓடியது ஒரு பழைய இத்தாலியப் படம். கீழே வந்த எழுத்து பாதி தெரியவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். படம் முடியும் வரை தாமரை அங்கிருந்து நகரவில்லை. வெளியே வந்தபோது வாசலில் ஒரு மேசையில் பழைய சினிமா ஸ்டில்களை விற்றார்கள். அதே காட்சி அங்கே இருந்தது. பஸ் காசு போக மிச்சமிருந்ததைக் கொடுத்து வாங்கிவிட்டு, சட்டைக்குள் மறைத்து நனையாமல் கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு விடவில்லை. சினிமாக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் தியேட்டர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பிய ஸ்டில்கள், பின்பக்கம் போட்டோகிராபரின் ரப்பர் முத்திரையும் பென்சில் கிறுக்கலுமாக, ஒவ்வொன்றாக வீடு வந்து சேர்ந்தன. அந்தப் போட்டோகிராபர்கள் வயதான பிறகு போட்ட பெரிய பெரிய புத்தகங்களும் வந்தன. தாமரைக்கு நடிகர்களைவிட ஓரத்தில் நிற்பவர்களைத்தான் பிடிக்கும். கூட்டக் காட்சிக்கு வந்துவிட்டு மதில் நிழலில் ரொட்டி தின்னும் கிழவர், கேமராவைப் பார்க்கக்கூடாது என்று சொல்லியும் பார்த்துவிட்ட பெண். கமலநாதன் அவர்களை "உன் இத்தாலிக்காரங்க" என்பார். அவரே ஒரு அலமாரி அடித்துக் கொடுத்தார். கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னதும் அவர்தான்.

மலேசியத் தமிழர்களில் இதையெல்லாம் சேர்க்கிறவள் தான் ஒருத்திதான் என்று தாமரை வெகுகாலம் நம்பியிருந்தாள். லட்சுமணன் வந்து அதைக் கெடுத்தார்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிப் புத்தகக் கடையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொம்யூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து போனாள். அங்கே தூசிக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. ஒரு ஸ்டில் போட்டோகிராபர் தன் வாழ்நாளில் எடுத்ததையெல்லாம் தொகுத்து மிலான் நகரத்தில் அச்சிட்டது. பல வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு, மேல்தட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஏணியில் ஏறிப் பார்த்தாள். இறங்கி வந்தபோது மேசை காலியாக இருந்தது. கல்லாவில் தடித்த உருவமாக ஒருவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது நான் எடுத்து வச்ச புக்" என்றாள் தாமரை.

"மேசையில கிடந்துச்சு, மேடம்."

"கிடக்கல. நான் வச்சேன்."

"பேர் எழுதி வச்சிருக்கலாம்ல?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் யார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. பழைய ஸ்டில் சேர்க்கிறவர்களின் பேஸ்புக் குழுவில் அந்தப் புத்தகத்தின் அட்டை வந்திருந்தது. போட்டவர் பெயர் லட்சுமணன். ஸ்ரீ கெம்பாங்கானில் உறைந்த மீனும் ஆட்டிறைச்சியும் மொத்தமாக விற்கிறவர். அதற்குப் பிறகு இணையத்தில் எந்த ஏலத்தில் அவள் விலை கேட்டாலும் கடைசி நிமிஷத்தில் அவர் பெயர் வந்து உட்கார்ந்தது.

"மீன் விக்கிறவருக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று ஒரு நாள் புருஷனிடம் பொருமினாள்.

"கண்ணாடி விக்கிறவளுக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்றார் கமலநாதன். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வெள்ளம் வந்தது. மழை விடாமல் பெய்ததே தவிர, அவர்கள் வீடிருந்த தாமான் குடியிருப்புக்குள் தண்ணீர் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. மாலையில் கேட்டுக்கு வெளியே இருந்த தண்ணீர், விளக்கேற்றும் நேரத்துக்குள் ஹாலில் கணுக்காலளவு நின்றது. கமலநாதன் அரிசியையும் கேஸ் அடுப்பையும் மாடிக்கு ஏற்றினார். தாமரை பத்திரங்களையும் சாமி படத்தையும் எடுத்துப் போனாள். அடுத்து ஸ்டில் பெட்டிகள். இரண்டை ஏற்றிவிட்டாள். மூன்றாவது பெட்டிக்கு இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கமலநாதன் படியில் நின்று அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"போதும், தாமரை. மேல வா."

"கீழ்த்தட்டுல புக்கெல்லாம்..."

"அது போகட்டும். நீ வா."

அவர் அவளிடம் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. அவள் ஏறி வந்தாள். இருட்டில் கீழே சாமான்கள் சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு தெருவே குப்பைமேடாகியிருந்தது. எல்லா வீட்டு வாசலிலும் சோபா, மெத்தை, ஐஸ்பெட்டி, பள்ளிக்கூடப் பைகள். குழாயில் தண்ணீர் இல்லை. சேறு வழிக்கத் தண்ணீர் இல்லாமல் ஆட்கள் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். தாமரை அலமாரியைத் திறக்கப் பார்த்தாள். உள்ளே புத்தகங்கள் ஊறிப் பெருத்துப் பலகையோடு இறுகிவிட்டதால் கதவு திறக்கவில்லை. கமலநாதன் கடப்பாறை வைத்து நெம்பினார். வெளியே எடுத்த ஒவ்வொரு புத்தகமும் ஒரு பிள்ளையின் கனம் கனத்தது. அவற்றைத் துணி விரித்து வாசல் வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு, தாமரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் கமலநாதனுக்குப் பொறுக்கவில்லை. அவர் தள்ளிப் போய், புத்தகங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து, அவளுடைய பேஸ்புக் குழுவில் போட்டார். 'என் மனைவியின் புத்தகங்கள். வெள்ளத்தில் நனைந்துவிட்டன. என்ன செய்வது?' என்று எழுதி, தன் நம்பரையும் கீழே போட்டார்.

சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"முதல்ல வெயில்லேருந்து எடுங்க" என்றது ஒரு கனத்த குரல். "நிழல்ல வைங்க. திறந்து பார்க்காதீங்க. பக்கத்தப் பிரிக்கவே கூடாது. ஈரமாவே இருக்கட்டும். போட்டோ ஏதும் நனைஞ்சிருந்தா அதையும் காய விடாதீங்க. நான் லோரி எடுத்துட்டு வரேன்."

கமலநாதன் வந்து புத்தகங்களை நிழலுக்கு நகர்த்த ஆரம்பித்ததும் தாமரை நிமிர்ந்தாள்.

"யாருங்க போன்ல?"

"மீன்காரர்."

"அவரா? அவர் எதுக்கு வரார்? மிச்சம் இருக்கறதையும் எடுத்துட்டுப் போகவா?"

"ஆமா. எடுத்துட்டுப் போகத்தான் வரார். லோரியில."

பாதி சாலைகள் அடைபட்டிருந்ததால் லட்சுமணன் வந்து சேரப் பிற்பகல் ஆனது. வெள்ளை நிற ஃப்ரீசர் லோரி ஒன்று சேற்றில் தயங்கித் தயங்கி வந்து நின்றது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். இறங்கியவர் தாமரையைப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸ் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு கணம் நின்றார். பிறகு லோரியின் பின்கதவைத் திறந்து நீலப் பீப்பாய்களை இறக்க ஆரம்பித்தார்.

"இதுல நல்ல தண்ணி இருக்கு. இங்க பைப்புல வராதுன்னு தெரியும். அதுல ஐஸ். போட்டோ எங்க?"

தாமரை மூன்றாவது பெட்டியைக் காட்டினாள். மூடியைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர். அதற்குள் அவளுடைய ஸ்டில்கள் ஒன்றோடொன்று படிந்து கிடந்தன.

"போச்சுல்ல?" என்றாள்.

"போகல. போட்டோவுக்குத் தண்ணி என்ன புதுசா, மேடம்? தண்ணியிலதான் பொறந்துச்சு. காய்ஞ்சு ஒட்டிக்கிட்டாத்தான் கஷ்டம். ஓரத்தை மட்டும் பிடிங்க. முகத்துல விரல் படக்கூடாது."

துணி துவைக்கும் பேசின்களில் நல்ல தண்ணீரை ஊற்றி ஐஸைப் போட்டார்கள். தாமரை பெட்டியிலிருந்து கொத்தாக எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். குளிரில் விரல் மரத்தது. தண்ணீருக்குள்ளேயே படங்கள் மெல்ல மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகின. முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒரு தொப்பி. சேறு கரைந்து போகப் போக, மதில் நிழலில் ரொட்டி தின்னும் கிழவர் அப்படியே வந்தார். தாமரை அவரை இரண்டு மூலையிலும் பிடித்துத் தூக்கினாள்.

"வந்துட்டார்" என்று மட்டும் சொன்னாள்.

கமலநாதன் வாசலுக்கும் கேட்டுக்கும் கயிறு கட்டினார். கழுவிய படங்களைத் துணி கிளிப்பால் மாட்டிக்கொண்டே போனார்கள். சேற்று நாற்றமடிக்கும் தெருவில், குடையும் தொப்பியும் கௌனுமாக இத்தாலிக்காரர்கள் வரிசையாகக் காற்றில் ஆடினார்கள். எதிர்வீட்டுப் புஷ்பவல்லி அக்கா மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் யாரு தாமரை? உன் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தமா?"

கமலநாதன் சிரித்துவிட்டார். தாமரையும் சிரித்தாள். தண்ணீர் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு, முதுகு கீழே இருக்கும்படி மீன் தட்டுகளில் அடுக்கினார் லட்சுமணன்.

"ஈரமான புக் ரெண்டே நாள்ல பூஞ்சை பிடிச்சிடும். பளபளன்னு இருக்கிற தாள் காய்ஞ்சா செங்கல் மாதிரி ஆயிடும், பக்கத்தப் பிரிக்க முடியாது. உறைய வச்சுட்டா அப்படியே நிக்கும். அப்புறம் ஈரம் கொஞ்சம் கொஞ்சமா தானா போகும். மாசக்கணக்குல ஆகும்."

"நீங்க முன்னாடி செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் தாமரை.

"ரெண்டு புக்குக்குச் செஞ்சிருக்கேன். ஒண்ணு பொழச்சுது."

பொய் சொல்லி ஆறுதல் படுத்தாதது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் லோரியின் கதவு சாத்தப்பட்டு அது திரும்பிப் போனபோது, தன்னிடமிருந்து எல்லாவற்றையும் தட்டிப் பறித்தவரிடமே எல்லாவற்றையும் கொடுத்தனுப்புகிறோமே என்றும் தோன்றியது.

சில வாரங்கள் வீட்டைச் சீராக்குவதில் போயின. சுவருக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். அந்தக் கல் தெருப் படம் மறுபடி சுவருக்கு வந்தது, இப்போது கொஞ்சம் உயரத்தில். ஒரு சனிக்கிழமை தாமரை காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போனாள். சொல்லாமல்தான் போனாள். புத்தகங்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

லட்சுமணன் எதுவும் கேட்காமல் ஒரு தடித்த குளிர்ச்சட்டையைக் கொடுத்து உள்ளே கூட்டிப் போனார். கோல்ட் ரூம் என்ற அந்தக் குளிர்பதன அறையில் கூரை வரை பெட்டிகள். ஆட்டிறைச்சி, இறால், கெம்போங் மீன். கடைசியில் ஒரு தட்டு வரிசை முழுக்க அவளுடைய புத்தகங்கள். தட்டின் விளிம்பில் 'தாமரை மேடம், தொடாதே' என்று தமிழிலும் மலாயிலும் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. அதற்கு நேராக ஒரு காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரம் சூடாக இருக்கும் சமயத்தில் அந்த இடத்தை ஒதுக்கித் தந்திருக்கிறார் என்பது, நடைபாதையில் நெருக்கியடித்துக் கிடந்த பெட்டிகளைப் பார்த்ததுமே தெரிந்தது.

வெளியே அவருடைய ஆபீசில் நுரை ததும்பும் தே தாரிக் டீ வந்தது. சுவரில் மீன் விலைப் பலகைக்குப் பக்கத்தில் இத்தாலிய ஸ்டில்கள். மேசையில் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் புத்தகம். லட்சுமணன் அதை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "பாருங்க. எனக்கு எடை போடற வேலை இருக்கு" என்று வெளியே போய்விட்டார். தாமரை கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அவர் திரும்பி வந்தபோதும் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றாள். மீன்காரர் எப்போது அண்ணே ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை. "இதெல்லாம் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல நான் கப்பல்ல இருந்தேன். குளிர்பெட்டி மெக்கானிக். இத்தாலியில ஜெனோவாவுல கப்பல் முதலாளி கடன்ல மாட்டிக்கிட்டான். கப்பலைப் பிடிச்சு வச்சுட்டாங்க. எங்களை ஊருக்கு அனுப்பவும் இல்ல, சம்பளமும் இல்ல. ஒரு குளிர்காலம் பூரா துறைமுகத்துலயே கிடந்தோம். பக்கத்துத் தெருவுல ஒரு சின்ன தியேட்டர். பழைய படமாத்தான் போடுவான். டிக்கெட்டுக்குக் காசு ஏது? வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஸ்டில் மாட்டியிருப்பான்ல, அதைத் தினமும் போய்ப் பார்ப்பேன். ஒண்ணையொண்ணு சேர்த்து நானே கதை கட்டிக்குவேன். ராத்திரி கப்பல்ல மத்தவங்களுக்குச் சொல்லுவேன். எல்லாரும் உட்கார்ந்து கேட்பாங்க."

"அப்புறம் அந்தப் படமெல்லாம் பார்த்தீங்களா?"

"எங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு இத்தாலிப் படம்கூட முழுசா பார்த்தது இல்ல. ஸ்டில்லு மட்டும்தான்."

தாமரைக்கு நம்ப முடியவில்லை. "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. ஒண்ணு மட்டும் பார்க்கணும்னு ஆசை. மலைப்பாதையில ஒரு பஸ். டிரைவர் மீசைக்காரன். வாத்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஒரு பொண்ணு ஏறுவா. அடுத்த ஸ்டில்லுல டிரைவரும் அவளும் பாலத்துல நிக்கிறாங்க, வாத்து இல்ல. அதுக்கு அப்புறம் ஒரு கல்யாணம், ஆனா பொண்ணு வேற. பேர் ஞாபகம் இல்ல. அதோட ஸ்டில் நாலஞ்சு அப்புறம் தேடித் தேடி வாங்கிட்டேன். படத்துப் பேர் பின்னாடி அழிஞ்சு போச்சு."

அவர் இழுப்பறையிலிருந்து அவற்றை எடுத்துக் காட்டினார். தாமரை வாத்துக்காரியைப் பார்த்ததும் புன்னகைத்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். வருஷங்களுக்கு முன்னால் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்து அன்றிரவு தூங்காமல் கிடந்திருக்கிறாள். ஆனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

புத்தகங்கள் வெளியே வர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. லட்சுமணனே கொண்டு வந்து ஹால் மேசையில் வைத்தார். பெரும்பாலானவை பிழைத்திருந்தன. பக்கங்கள் அலை அலையாக வளைந்திருந்தன, ஓரத்தில் தேநீர் நிறத்தில் வெள்ளத்தின் கோடு ஓடியது. ஆனால் பிரித்தால் பிரிந்தன, முகங்கள் இருந்தன. பளபளப்புத் தாளில் அச்சடித்த இரண்டு மட்டும் கட்டையாகிவிட்டன. அதில் ஒன்று, மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. தாமரை அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு பினாங்குக்குப் போன் போட்டுச் சொன்னாள். "விடும்மா, வேற வாங்கித் தரேன்" என்றாள் மகள். வேறு கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க" என்றாள் தாமரை. "ஒரு படம் போடறேன்."

அதற்குள் அவள் அந்தப் படத்தின் டிவிடி ஒன்றைத் தேடி வரவழைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிட்டு முடித்து, மாடியில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, புரொஜெக்டர் வைத்து வெள்ளைச் சுவரில் படத்தைப் போட்டார்கள். மலைப்பாதை வந்தது. பஸ் வந்தது. வாத்தை இடுக்கிக்கொண்டு அந்தப் பெண் ஏறியதும், நாற்காலி நுனிக்கு வந்த லட்சுமணன் கடைசி வரை அப்படியே இருந்தார். ஆடுகிறவளை, பேசுகிறவளை, திரும்பிப் பார்க்கிறவளை அவர் முதல்தடவையாகப் பார்த்தார். படத்தில் வாத்தை யாரோ திருடிவிடுகிறார்கள். டிரைவர் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். வாத்துக்காரி அதே பஸ்ஸில் ஏறி ஊரைவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

தாமரை எழுந்து விளக்கைப் போட்டாள்.

"எப்படி இருந்துச்சு, பாஸ்?" என்றார் கமலநாதன்.

லட்சுமணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா இருந்துச்சு லா. அந்தப் பொண்ணு சிரிப்பான்னு நான் நினைக்கவே இல்ல. ஸ்டில்லுல ஒண்ணுலகூட சிரிக்க மாட்டா." பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆனா கதை, கப்பல்ல நான் சொன்னதுதான் நல்லா இருக்கு."

"உங்க கதை என்ன?" என்று கேட்டாள் தாமரை.

அவர் தயங்கினார். தன் பையிலிருந்து அந்த ஸ்டில்களை எடுத்துக் கட்டிலின் மேல் பரப்பினார். பஸ், வாத்து, பாலம், கல்யாணம். கல்யாணத்தை எடுத்து முதலில் வைத்தார்.

"இதுதான் ஆரம்பம்" என்றார். "படத்துல கடைசியில வச்சிருக்கான், அங்கதான் தப்பு பண்ணிட்டான். டிரைவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. அவ செத்துப் போயிட்டா. அவ வளர்த்த வாத்துதான் இது."

"அப்போ இந்தப் பொண்ணு யாரு?" என்றார் கமலநாதன், தலையணையை முதுகுக்கு அண்டைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு.

"அதைத்தான் சொல்ல வரேன், பாஸ். அவசரப்படாதீங்க."

தாமரை காப்பி போடக் கீழே இறங்கப் போனவள், படியிலிருந்து திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். காப்பி கொஞ்சம் பொறுக்கட்டும்.